கறுப்புச் சேனலில் வராத பெயர்

எங்கள் ஆவுடையூர் பஜாரில், பாத்திரக்கடைக்கு மேல்மாடியில், தவசிக்கனி கேபிள் டிவியின் கட்டுப்பாட்டு அறை இருந்தது. ஊர் முழுக்கப் படமும் பாட்டும் சண்டையும் சீரியலும் அங்கிருந்துதான் கம்பி வழியாக வீடு வீடாக இறங்கி வந்தன என்றாலும், அந்த அறைக்குள் போய்ப் பார்த்தால் படமும் கிடையாது, பாட்டும் கிடையாது. லினக்ஸில் ஓடும் ஒரு சர்வர் பெட்டியும், அதன் முன்னால் ஒரு பழைய மானிட்டரும், மானிட்டரில் கறுப்புத் திரையும், கறுப்புத் திரையில் கீழிருந்து மேலே ஊர்ந்து போகும் வெள்ளை எழுத்துகளும்தான். விசிறி சூடாகிவிட்டது, டிஸ்க்கில் இடமில்லை, கேட்ட இடத்திலிருந்து பதில் வரவில்லை என்று அந்தப் பெட்டி தன் உடம்புக்கு வந்ததையெல்லாம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருக்கும். எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், எதைக் கண்டதும் எழுந்து ஓட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அமலோற்பவத்தின் வேலை.

அவள் புருஷன் சூசைநாதன் வாழை மண்டியில் ஏலம் கூறுகிறவன். அவன் ரகசியம் பேசினாலே அடுத்த தெருவில் இருக்கிறவர்கள் பதில் சொல்வார்கள், அப்படி ஒரு குரல். அந்தக் குரலில்தான் அவன் ஒரு ஞானஸ்நான விருந்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, "எம் பொண்டாட்டிக்கு என்ன வேலை தெரியுமா? சொவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும், சம்பளமும் குடுக்கான்" என்று சொல்லிச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அமலோற்பவம் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு நேராகப் போய்ப் பாத்திரக்கடைக்குப் பின்னால் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள். வந்து மன்னிப்புக் கேட்டால் திரும்பிப் போகலாம் என்று அவளும், கூப்பிட்டால் போய்க் கேட்கலாம் என்று அவனும் காத்திருந்ததில் ஓணமும் கிறிஸ்துமஸும் பொங்கலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம், கோயில்பிள்ளை டீக்கடையிலிருந்து வந்த டீயை அவள் குடித்துக்கொண்டிருந்தபோது, விசிறிச் சூடு பற்றிய இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒரு வரி தமிழில் ஏறி வந்தது.

"கோயில்பிள்ளை டீக்கடை: எச்சரிக்கை: இஞ்சி டீயில் இஞ்சி இல்லை."

அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது. முன்னொரு தடவை அவள் தமிழை அதில் காட்டப் பார்த்தபோது வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகத்தான் வந்தன. இப்போதோ கொம்பும் புள்ளியும் அததன் இடத்தில் இருந்தன. அமலோற்பவம் ஆச்சரியப்படவில்லை. திரையில் ஒரு செய்தி வந்தால் முதலில் அது சரியா என்று பார்க்க வேண்டும், ஆச்சரியமெல்லாம் பிறகு என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. கிளாஸை மோந்து பார்த்தாள். படியிறங்கிப் போனாள்.

"அண்ணாச்சி, டீல இஞ்சி போட்டியளா?"

"போடாம? நல்லாத் தட்டிப் போட்டிருக்கேன்லா."

"மிஷின்ல இல்லைன்னு வருது."

கோயில்பிள்ளை மாடியை அண்ணாந்து பார்த்தார், கழுத்தைச் சொறிந்தார். "நேத்தே தீந்துபோச்சு தாயி. கையில ஏலக்கா இருந்துது, அதைப் போட்டேன். அதுக்கு எப்படித் தெரியும்?"

"அது அதோட வேலையப் பாக்கு."

அவர் ஆளனுப்பி இஞ்சி வாங்கித் தட்டிப் போட்டதும் அந்த வரி வருவது நின்றது.

அந்த வாரத்தில் ஒரு சேனல்காரன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போக, கேபிளில் ஒரு இடம் காலியானது. ஊர்க்காரர்களுக்குச் சேனல் ஓடாவிட்டால்கூடப் பொறுக்கும், வெறுமையாகக் கிடந்தால் பொறுக்காது. ஆளாளுக்குப் போன் போட்டுத் திட்ட, முதலாளி தவசிக்கனி படியேறி மூச்சு வாங்க வந்து, "எதையாவது போட்டு விடு பிள்ள, கோலமாவு விளம்பரமா இருந்தாலும் பரவால்ல" என்றார். அமலோற்பவம் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வாய்க்குள் சிரித்துக்கொண்டு, அந்தக் கறுப்புத் திரையையே எடுத்துக் காலிச் சேனலில் மாட்டப் போனாள். மாட்டுவதற்கு ஒரு நொடிக்கு முன்னால் இன்னொரு வரி ஏறி வந்தது.

"கட்டுப்பாட்டு அறை: எச்சரிக்கை: அமலோற்பவம்: மண்டியில் ஏலச் சத்தம் கேட்டதும் ஜன்னலைத் திறக்கிறாள். காற்றுக்காக என்று சொல்லிக்கொள்கிறாள்."

அவள் காது மடல்கள் சிவந்தன. ஜன்னலைச் சாத்தினாள். சாத்திவிட்டு உட்கார்ந்து, தன் பெயர் எந்த வரியில் வந்தாலும், எந்த வேற்றுமை உருபை ஒட்டிக்கொண்டு வந்தாலும், அந்த வரியைத் திரைக்கு விடாமல் தனியே நிறுத்தி வைக்கும்படி மிஷினுக்குக் கட்டளை எழுதினாள். அதன் பிறகே ஊருக்குத் திறந்து விட்டாள்.

முதல் நாள் யாரும் பார்க்கவில்லை. அடுத்த நாள், சேனல் மாற்றுகிற வழியில் தன் வீட்டுப் பெயரைக் கண்ட பிச்சம்மாள் ரிமோட்டைக் கீழே போட்டாள். அதற்கடுத்த நாள் ஊரே பார்த்தது. வார்டு மெம்பர் வீட்டுக்குழாயில், மேலத்தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீர் வழிதவறி வந்துகொண்டிருப்பதாகத் திரை சொல்ல, மேலத்தெருப் பெண்கள் சண்டைக்குப் போகாமல் குடத்தோடு போய் மெம்பர் வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள். "எங்க தண்ணிதானே, நாங்க இங்கனயே பிடிச்சிக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டு, மெம்பரின் மனைவியிடம் காப்பியும் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். பங்குச் சாமியார் போன வருஷப் பிரசங்கத்தையே மறுபடி ஓட்டுகிறார் என்று வந்தது. சாமியார் ரோஷப்பட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு வந்தார். அது முடிவதற்குள் கைக்குழந்தைகள் எல்லாம் அழுது ஓய்ந்து தூங்கி மறுபடி எழுந்து அழுததால், பழைய பிரசங்கத்தில் அப்படி ஒன்றும் பிழை இல்லை என்று சபை கூடிச் சொல்லி அனுப்பியது. நபீசா டைலர் நாளைக்கு ரெடி என்று சொன்ன ஜாக்கெட்டுகளின் துணி இன்னும் பையை விட்டே வெளியே வரவில்லை என்று வர, அவள் கடைமுன் கூடிய கூட்டத்தில் ஒரு கல்யாணப்பெண்ணும் நின்றாள்.

இரண்டு மூன்று வாரம் வாய்ச்சண்டையும் மறுப்புமாகப் போனது. பிறகு, கரண்டு போவதையும் பஸ் வராததையும் பழகிக்கொண்டது போல ஊர் இதையும் பழகிக்கொண்டது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே கறுப்புச் சேனலைப் பார்த்துத் தங்கள் வீட்டில் என்ன பிழை என்று தெரிந்துகொண்டு அன்றைய வேலையைத் தொடங்கினார்கள். பேச்சு வழக்கே மாறிற்று. பெண்ணைக் கேட்டுப் போய்க் கிடைக்காமல் வந்தவன் "அனுமதி மறுக்கப்பட்டது" என்றான். புருஷன் காது கேட்காததுபோல் பேப்பர் படித்தால் "எங்க வீட்டுல பதில் வரல, மறுபடி முயலுதேன்" என்றாள் மனைவி. கவனம், எச்சரிக்கை, பிழை என்று மிஷின் போடும் தரங்கள் கௌரவப் பிரச்சினையாயின. பிச்சம்மாள் ஒருநாள் மாடியேறி வந்து, "எம் மருமக என்னைப் பேசின பேச்சுக்கு வெறும் 'கவனம்'னா போடுது உம் மிஷினு? எதுத்த வீட்டுக்காரிக்கு அவ மருமக ஒண்ணுமே பேசல, அதுக்குப் போய் 'எச்சரிக்கை'. ஏத்திப் போடச் சொல்லுட்டி" என்று மானிட்டரைப் பார்த்தே வாதாடினாள். அர்ச்சகர் ஒருவர் பெட்டிக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்ட, அடுத்த வரியே "மின்விசிறியில் குங்குமம்: பிழை" என்று வந்ததால் அந்த வழிபாடு அத்தோடு நின்றது.

சிரிப்புக்குள்ளே சிரிக்க முடியாததும் வந்தது. தேவசகாயம் வாத்தியார் ரிட்டயர் ஆகித் தனியாக இருந்தார். அவர் பெயரில் தினமும் ஒரே வரி: "மஸ்கட்டில் உள்ள மகனை அழைக்கிறார். பதில் இல்லை. மீண்டும் முயல்கிறார்." கொஞ்ச நாளில் அது, "மேற்கண்ட செய்தி பலமுறை திரும்பி வந்தது" என்று சுருங்கியது. மேலத்தெருவே சேர்ந்து அந்த மகனின் நம்பரைத் தேடிப் பிடித்து, ஒருவர் மாற்றி ஒருவராகப் போனில் அவனை வாங்கு வாங்கென்று வாங்கியது. கடைசியில் அவன் அழுதுகொண்டே அப்பாவைக் கூப்பிட்ட சாயங்காலம் அந்த வரி மறைந்தது. வாத்தியார் தெருவில் இறங்கி யார் யாரிடமோ கைகுலுக்கிக்கொண்டு நடந்தார்.

அதனால்தான், தவசிக்கனி சேனலை நிறுத்தப் பார்த்தபோது ஊர் விடவில்லை. அவருக்கு வந்த செய்தி இது: "தவசிக்கனி வீடு: பிழை: இடுப்பு வலி என்று சொன்னது பொய். மாமனார் வீட்டு விசேஷம் தவிர்க்கப்பட்டது." அதைப் பார்த்த அவர் மனைவி இடுப்பு வலித் தைலத்தைச் சோற்றுத் தட்டில் வைத்துப் பரிமாறினாள். அவர் மாடிக்கு ஓடி வந்து "இழுத்துப் பூட்டு" என்று கத்த, கீழே பஜாரே திரண்டு நின்று, "பூட்டினா எல்லாக் கம்பியையும் பிடுங்கிருவோம் அண்ணாச்சி" என்றது. அவர் அடுத்த பஸ்ஸில் மாமனார் வீட்டுக்குப் போய் இரண்டு வேளை விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

இத்தனைக்கும் நடுவில் சூசைநாதன் பெயர் திரையில் ஒருநாளும் வரவில்லை. அமலோற்பவம் அதைக் கவனித்தாள். தன்னை விட்டுவிட்டு இருப்பது அவன் கணக்கில் ஒரு பிழையாகவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்து, ஜன்னலை இன்னும் இறுக்கிச் சாத்தினாள்.

அமலோற்பவத்தின் பெயரும் வரவில்லை என்பதை வேறொருத்தி கவனித்தாள். கல்யாணப்பெண்ணின் ஜாக்கெட்டைத் தைத்து முடித்த கையோடு நபீசா டைலர் கழுத்தில் அளவு நாடா தொங்க மாடியேறி வந்தாள்.

"அமலு, ஒண்ணு கேக்கட்டா? ஊருல எல்லார் வீட்டுப் பிழையும் வருது. சாமியாருக்கு வருது. மொதலாளிக்கு வருது. பால்வாடி டீச்சர் மத்தியானம் தூங்குறது வருது. ஒம் பேரு மட்டும் ஒருநாளும் வரலையே. நீ என்ன, பிழையே இல்லாத பிறவியா?"

அமலோற்பவம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு என்னத்த வரும்? நான் இங்கனயேதானே இருக்கேன்."

"இங்கனயே இருக்கியே, அது ஒண்ணு போதாதா வர்றதுக்கு?"

அமலோற்பவம் திரும்பிப் பார்க்காததிலிருந்தே நபீசாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, புரிந்தபின் வாய் தைத்துக்கொண்டு இருக்கிறவளும் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள், அமலோற்பவம் தன் பெயரைத் தடுத்து வைத்திருக்கிறாள் என்பது எல்லா அடுப்படிக்கும் எட்டிவிட்டது. ஊருக்குக் கோபம் என்று சொல்ல முடியாது, மனசு விட்டுப்போயிற்று. அடுத்த நாள் காலையில் அவளுக்கு டீ வரவில்லை. கீழே போய்க் கேட்டால், கோயில்பிள்ளை கடையின் டிவியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அதைப் பாக்கலையா அண்ணாச்சி?"

"எல்லாருக்கும் ஒண்ணுபோலன்னு நெனச்சுத்தான் தாயி பாத்தோம்," என்றார் அவர், கிளாஸைக் கழுவிக்கொண்டே. "ஒருத்தருக்கு மட்டும் இல்லைன்னா, அப்புறம் எங்க இஞ்சிய மட்டும் எதுக்கு ஊருக்குக் காட்டணும்?"

அவள் திரும்பி நடந்தாள். எதிரே தேவசகாயம் வாத்தியார் வந்துகொண்டிருந்தார். எப்போதும் சிரிக்கிறவர் அன்று தலையைக் குனிந்துகொண்டு போனார். அதுதான் அவளைச் சுட்டது. மாடியேறி வந்து உட்கார்ந்தாள். ஒரு மனுஷன் தனியாகப் போன் போட்டுப் போட்டுப் பார்த்ததை ஊருக்குக் காட்டிவிட்டு, நான் ஜன்னல் திறந்ததை மறைத்தேனே என்று நினைத்தாள். வெட்கம் வந்தது, பயமும் வந்தது. எழுதிய கட்டளையை அழித்தாள்.

ஒரு நிமிஷம் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு, நிறுத்தி வைத்திருந்ததெல்லாம் மதகைத் திறந்தது போல் வரத் தொடங்கியது. சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த கடைகளில் யாரோ ஒருவர் ஏதோ தோன்றிச் சேனலை மாற்றிவிட்டுக் கூச்சல் போட, வீடுகளிலும் கடைகளிலும் மெம்பர் வீட்டிலும் பங்குச் சாமியார் பங்களாவிலும் கறுப்புத் திரை திறந்தது. கடலை வறுக்கிறவன் வண்டியைக் கோயில்பிள்ளை கடைமுன் கொண்டு வந்து நிறுத்தினான்.

"அமலோற்பவம்: எச்சரிக்கை: ஜன்னல் திறக்கப்படுகிறது."

"அமலோற்பவம்: எச்சரிக்கை: போனில் ஒரு நம்பரைப் பாதி அழுத்தி நிறுத்துகிறாள்."

"அமலோற்பவம்: பிழை: ஒருத்திக்கு மட்டும் சமைக்கத் தெரியவில்லை. தினமும் சோறு மிஞ்சுகிறது."

ஊர் சிரிக்கக் காத்திருந்தது, சிரிப்பு வரவில்லை. கடலையை வாயில் போட்டவர்கள் மெல்லாமல் இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்ததை அமலோற்பவமே எதிர்பார்க்கவில்லை.

"வாழை மண்டி: பிழை: சூசைநாதன்: மன்னிப்புக் கேட்க வந்தார். பாத்திரக்கடை மாடிப்படி வரை வந்து திரும்பிப் போனார். பெறுநர்: அமலோற்பவம்."

"மேற்கண்ட செய்தி பலமுறை திரும்பி வந்தது."

"சூசைநாதன்: எச்சரிக்கை: அமலோற்பவத்திடம் சொல்லத் தயாரித்த வாக்கியம் மிக நீளம். பாதியில் மறந்துபோகிறது."

"சூசைநாதன்: கவனம்: அமலோற்பவத்தின் குடையை வீட்டுக்குள் விரித்து வைத்துப் பார்க்கிறார். மழை இல்லை."

அவளுக்கு ஒரு நொடியில் புரிந்தது. அவன் செய்தி ஒவ்வொன்றிலும் அவள் பெயர் இருந்திருக்கிறது. தன் பெயரை மறைக்க அவள் எழுதிய கட்டளை அவனையும் சேர்த்து மறைத்திருக்கிறது. எந்த வரிக்காகத் தினமும் கண் வலிக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, அந்த வரியைத் தன் கையாலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள். அமலோற்பவம் மிஷினை அப்படியே விட்டுவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கினாள்.

மண்டியில் ஏலம் உச்சத்தில் இருந்தது. மண்டியில் டிவி கிடையாது. சூசைநாதன் ஒரு செவ்வாழைத் தாரைக் காலடியில் நிறுத்திக்கொண்டு ஊரைக் கிழிக்கிற குரலில் கூறிக்கொண்டிருந்தான். அவள் வியாபாரிகளை விலக்கிக்கொண்டு வருவதைக் கண்டதும் அந்தக் குரல் பாதிச் சொல்லில் நின்றது. அவன் குரல் அப்படி நின்று மண்டியில் யாரும் கேட்டதில்லை. வாழை இலைக்கட்டைத் தின்றுகொண்டிருந்த மாடுகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"படி வரைக்கும் வந்தியளாமே," என்றாள் அமலோற்பவம்.

"யாரு சொன்னா?"

"வந்தியளா, இல்லையா?"

"வந்தேன்."

"ஏன் ஏறல?"

"ஏறினா நீ என்ன சொல்லுவியோன்னு." அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பிறகு அவனுக்கும் கோபம் வந்தது. "தெனமும் டீக்கடையில நின்னு அந்தச் சேனலைப் பாத்தேன்ட்டி. நான் வராதது தப்புன்னா மிஷின் போட்டிருக்கும்லா? இஞ்சி இல்லைன்னா போடுது, பிரசங்கம் பழசுன்னா போடுது. எம் பேரு வரவே இல்ல. அப்ப நான் இல்லாம இருக்கிறதுதான் ஒனக்குச் சரின்னு நெனச்சுட்டேன்."

"நான் எம் பேரத் தடுத்து வச்சிருந்தேன். அதுல ஒங்க பேரும் மாட்டிக்கிட்டுது."

"தடுத்தியா? எதுக்கு?"

"ஜன்னலத் தொறந்தேன்னு போட்டுது."

"எந்த ஜன்னல?"

"மண்டியப் பாத்து இருக்கிற ஜன்னல!" என்று அவள் கத்தினாள். அவளுக்கும் அப்படி ஒரு குரல் உண்டு என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. "சொவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்னு சொன்னியளே, அத்தனை பேரு முன்னால! அந்தச் சொவத்துலதான் வாத்தியாருக்கு மகன் கெடச்சான் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் படி வரைக்கும் வந்தேன். தப்புதான். அன்னிக்குப் பேசினது தப்பு." வியாபாரிகள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஏலக்குரலிலேயே சொன்னான்: "தப்பு! தப்பு! தப்பு!"

"இப்பிடியா ஏலம் போடுவாக மன்னிப்ப?"

"எனக்கு இந்தச் சத்தந்தானட்டி இருக்கு!"

பிறகு அங்கே நடந்தது சண்டைதான், அதில் சந்தேகமில்லை. மிஞ்சிப்போன சோற்றைப் பற்றியும், குடையை வீட்டுக்குள் விரித்தால் கம்பி ஒடியாமல் வேறென்ன ஆகும் என்பதைப் பற்றியும், அவன் அம்மாவைப் பற்றியும், அவள் மாமாவைப் பற்றியும் பேசித் தீர்த்தார்கள். அந்தச் சத்தம் பஜாரைத் தாண்டி ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. ஊர்க்காரர்கள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், இதோ வரும், இதோ வரும் என்று உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் காதில் விழுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. எழுத்து நின்றுபோன கறுப்பில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்தது.

"மிஷின் ரிப்பேரா?" என்றார் கோயில்பிள்ளை.

தவசிக்கனி பதறி மாடியேறிப் போய்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஒயரை ஆட்டிப் பார்த்தார். பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்து, "ரிப்பேர் இல்ல. அது இதைப் பிழைன்னு எடுத்துக்கிடல போல" என்றார்.

நபீசாதான் முதலில் எழுந்தாள். "அப்ப இங்கன உக்காந்து என்னத்தப் பாக்கப் போறோம்?" என்று சொல்லிவிட்டு, டிவியை அணைக்காமலே வெளியே வந்தாள். அவள் பின்னால் பிச்சம்மாளும் பிச்சம்மாளின் மருமகளும் வந்தார்கள். ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது.

ஏலத்தை அப்படியே விட்டுவிட்டு, அந்தச் செவ்வாழைத் தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு முன்னால் நடக்கிற அமலோற்பவத்தின் பின்னால் சூசைநாதன் பஜார் வழியாக வந்தான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்து ஏதோ திட்டிக்கொண்டே போனாள், அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தான். திரையில் வராத அந்தக் காட்சியைத் தங்கள் சொந்தக் கண்ணால் பார்ப்பதற்காக ஆவுடையூரே வாசலில் நின்றது.